சவாரித் திடலில் ஒரு வெப்பமானியும் ஒரு மணிக்கூடும்

வடக்கில் மாட்டு வண்டிச் சவாரி நடத்துகிற சங்கங்களின் தலைவர்மாருக்கும் செயலாளர்மாருக்கும், சவாரி மாடு வளர்க்கிற அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஓட்டம் முடித்து வந்த சோடியை அடுத்த ஓட்டத்துக்குப் பூட்ட முன்னர், இரண்டு மாட்டினதும் நாடி, மூச்சு, உடம்புச் சூடு மூன்றையும் மாட்டுக்காரர் அல்லாத ஒருவர் அளந்து எழுத வேண்டும். குறித்த நேரத்துக்குள் மாடு ஆறியிருந்தால் ஓடட்டும். ஆறவில்லையென்றால் அன்றைக்கு அந்தச் சோடிக்கு ஓட்டம் இல்லை, அது எந்தப் பெரிய மனிதரின் மாடாக இருந்தாலும் சரி. சவாரியை நிறுத்துங்கள் என்று எழுதுகிற ஆட்களில் நான் ஒருவன் இல்லை. திடலில் புழுதி குடித்து வளர்ந்தவன்தான். வண்டி புறப்படும்போது கூட்டத்தோடு சேர்ந்து என் தொண்டையும் கிழியும்.

இதைச் சொல்ல இவன் யார் என்று கேட்பீர்கள். நான் வலிகாமத்துக்காரன். இளவயதில் வளைகுடாவுக்குப் போய், நீள்தூரம் ஓடுகிற குதிரைகளைப் பராமரிக்கும் லாயம் ஒன்றில் பல வருடம் வேலை செய்தேன். போகும்போது குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், நெடுந்தீவில் மேய்ந்து திரிகிற மட்டக் குதிரைகளும் வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறி வருகிற மரக் குதிரையும்தான். தீன் வைக்கிறது, தண்ணீர் காட்டுகிறது, லத்தி அள்ளுகிறது இதெல்லாம் மாட்டுக்காரன் மகனுக்குப் புதிதில்லை. அங்கே புதிதாகப் படித்தது, ஓடி வந்த மிருகத்தின் உடம்பை எண்ணிப் பார்த்து அறிகிற பழக்கம்.

அந்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் கேட்பதன் அடி அங்கேதான் இருக்கிறது.

பெரிய போட்டிகளில் ஒரே நாளில் 160 கிலோமீற்றர் வரை ஓடுவார்கள். ஒரே இழுவையில் அல்ல. 30, 40 கிலோமீற்றருக்கு ஒரு தடவை குதிரை உள்ளே வர வேண்டும். வந்ததும் சேணத்தைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மெதுவாக நடத்தி, மிருக வைத்தியர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிப்படி, வந்து 15 நிமிடத்துக்குள் குதிரையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்கியிருக்க வேண்டும். கடைசிச் சுற்று முடிந்த பிறகு 20 நிமிடம் தருவார்கள். இறங்காவிட்டால் குதிரை வெளியே. முதலாவதாக ஓடி வந்த குதிரையும் வெளியேதான். ஓய்வாக நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும், முழு வேகத்தில் ஓடும்போது 220, 240 என்று ஏறும். அந்த உயரத்திலிருந்து எவ்வளவு கெதியாகக் கீழே வருகிறது என்பதில்தான் குதிரையின் பலம் தெரியும். ஓடும்போது எவ்வளவு ஏறியது என்பதைவிட, நின்ற பிறகு எவ்வளவு இறங்கியது என்பதையே வைத்தியர்கள் பார்ப்பார்கள்.

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. இடைச் சுற்றுகளில் குதிரை கோட்டைத் தாண்டியதும் மணிக்கூடு நிற்காது. நாடி இறங்கி, வைத்தியரின் வாசலுக்குக் குதிரை போகும் வரைக்கும் அந்த நேரமும் ஓட்டக் கணக்கில்தான் சேரும். அதனால் என்ன நடக்கிறது? சுற்றின் கடைசி ஒன்றிரண்டு கிலோமீற்றரில் ஓட்டுபவனே கடிவாளத்தைத் தளர்த்திக் குதிரையை ஆற்றத் தொடங்குகிறான். சிலர் முதுகிலிருந்து குதித்துப் பக்கத்தில் ஓடி வருவார்கள். மிருகத்தில் இரக்கம் வை என்று அவர்களுக்கு யாரும் பிரசங்கம் செய்யவில்லை. குதிரையைப் பிழிந்தெடுத்தவன் பத்து நிமிடம் முந்தி வந்தும் வாசலில் பதினைந்து நிமிடம் காத்து நின்று தோற்பான். வெல்ல வேண்டும் என்ற ஆசையே குதிரையைக் காப்பாற்றுகிறது.

வாசலில் நடக்கிறதைப் பார்த்தால் சவாரிக்காரருக்குச் சிரிப்பு வரும். அவ்வளவு நேரமும் வாளியோடு கத்திக்கொண்டு ஓடியவர்கள் வைத்தியர் காதில் ஸ்ரெதஸ்கோப்பை மாட்டியதும் சிலையாகிவிடுவார்கள். அவர் குதிரையின் இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், விலாவோடு குழலை அமர்த்திப் பிடிப்பார். மற்றக் கையில் நிறுத்தக் கடிகாரம். அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டைக் குதிரை பக்கத்தால் போனால், 60இல் நின்ற ஆண் குதிரையின் நாடி ஒரு நொடியில் 80க்குத் தாவும். லாயத்து ஆட்கள் தங்கள் தங்கள் பாசையில் சபிப்பார்கள். அதனாலேயே எங்கே நிறுத்துவது, யாருக்குப் பிறகு போவது என்றெல்லாம் முன்கூட்டியே கணக்குப் பார்ப்போம்.

ஒரு தடவை எண்ணினதோடும் விடமாட்டார்கள். நாற்பது மீற்றர் தூரம் ஓட்ட நடையில் போய்த் திரும்பச் சொல்வார்கள். நொண்டுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒரு நிமிடம் கழித்து நாடியை மறுபடி எண்ணுவார்கள். பலம் உள்ள குதிரைக்கு முதல் எண்ணும் இரண்டாவது எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இரண்டாவது நாலைந்து கூடினால், வெளியே தெரியாத களைப்போ நோவோ உள்ளே இருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். பல் முரசை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டு, அது உடனே படிகிறதா என்று பார்ப்பார்கள். வயிற்றில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். மூச்சு எண்ணிக்கை நாடி எண்ணிக்கையைத் தாண்டிப் போயிருந்தால் உடம்பு சூட்டைக் கொட்ட முடியாமல் திண்டாடுகிறது என்று விளங்கிக்கொண்டு, தண்ணீரும் காற்றும் கொடுக்கச் சொல்வார்கள்.

சரி, குதிரைக் கதை போதும். மாட்டுக்கு வருவோம்.

64 என்ற அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நமது திடலில் நட முடியாது. சும்மா நிற்கிற மாட்டுக்கே நாடி நிமிடத்துக்கு 48 முதல் 84 வரை இருக்கும். உடம்புச் சூடும் குதிரையைவிட ஒரு படி கூட: குதிரைக்கு 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ், மாட்டுக்கு 38 முதல் 39.3 வரை. சூட்டைக் கொட்டுகிற வழியும் வேறு. குதிரை வியர்வையால் ஆறுகிற மிருகம். கடுமையாக ஓடினால் மணித்தியாலத்துக்குப் பத்து, பதினைந்து லீற்றர் வியர்வை போகும், தோல் வார் உரசுகிற இடத்தில் சவர்க்காரம் போட்டதுபோல நுரை தள்ளும். குதிரைக்கு வாயால் மூச்சுவிட வராது, மூக்கு மட்டும்தான். மாடு அவ்வளவு வியர்க்காது. நமது திமில் உள்ள மாடுகள் சீமை மாடுகளைவிட நன்றாக வியர்க்கும், வெயிலும் தாங்கும். ஆனாலும் சூடு எல்லை மீறினால் மாடு மூச்சைத்தான் நம்பும். முதலில் மூக்கால் குறுக்கக் குறுக்க இழுக்கும். பிறகு வாணி வடியும். பிறகு வாய் திறக்கும். கடைசியில் கழுத்தை நீட்டி நாக்கைத் தொங்கவிடும். இந்தப் படிகள் ஒவ்வொன்றும் உங்களுக்குத் தெரியும். திடலின் அந்தத்தில் வண்டியை அவிழ்க்கிற இடத்தில் ஒரு மணித்தியாலம் நின்றால் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

"குதிரை நூறு கிலோமீற்றர் ஓடுகிறது, எங்கடை மாடு ஓடுகிறது கண் மூடித் திறக்க முன்னம். இதுக்கு ஏன் டொக்டர்?" என்று ஒரு சவாரிக்கார அண்ணை என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டம் குறுகியது என்பது உண்மை. ஆனால் குறுகிய ஓட்டத்தில் மாடு தன் முழுப் பலத்தையும் ஒரே தரத்தில் இறைக்கிறது. தசை எரிகிற வேகத்துக்கு மூச்சால் ஈடுகொடுக்க முடியாது, அந்தக் கடனை நின்ற பிறகுதான் அடைக்கும். இரைக்கிறது அதனால்தான். தசையில் பிறந்த சூடும் உடனே வெளியேறாது. ஓட்டம் முடிந்து சில நிமிடம் வரைக்கும் உள்ளுடம்பின் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றவுடன் அளந்தால் சாதாரணமாகக் காட்டும், பத்து நிமிடம் கழித்து அளந்தால்தான் உண்மை தெரியும். இதனால்தான் இரண்டு தரம் அளக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

பிறகு, மாடு அன்றைக்குப் பட்ட பாடு அந்த ஒரு ஓட்டம் மட்டுமா? விடியற்காலையில் லொறியில் ஏற்றி, வேறு மாவட்டத்திலிருந்தும் கொண்டுவருகிறோம். நிழல் இல்லாத வெளியில் கட்டுகிறோம். ஒலிபெருக்கி ஒரு பக்கம், வெடி ஒரு பக்கம். கடல் சூழ்ந்த யாழ்ப்பாணத்துக் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும், ஈரக் காற்றில் வியர்வை காயாது, காயாத வியர்வையால் உடம்பு ஆறாது. இதற்குள் பிரதம விருந்தினர் வரவேண்டும் என்று தொடக்க நிகழ்வு ஒரு மணித்தியாலம் பிந்தும். அவர் வந்ததும் குடை பிடித்து அழைத்துப் போவோம். அவருக்காக நுகத்தடியில் நின்ற மாட்டுக்குக் குடை பிடித்த சங்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. முதல் ஓட்டத்துக்கு மாடு இறங்கும்போதே அதன் உடம்பில் பாதி நாள் போயிருக்கும். அடுத்த ஓட்டம், அதில் வென்றால் அதற்கடுத்த ஓட்டம். வெல்கிற மாட்டுக்குத்தான் ஓட்டம் கூட. நல்ல மாடுதான் முதலில் உடைகிறது.

எப்படி அளக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் செய்யலாம், ஆனால் கைப்பழக்கம் வேண்டும்.

நாடிக்கு மாட்டின் வாலைத் தூக்கி, வாலடியிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே, உட்புறத்தின் நடுவில் இரண்டு விரலை வைத்தால் துடிப்பு தட்டுப்படும். பெருவிரலை வைக்கக்கூடாது, அதில் உங்கள் நாடியே துடிக்கும். ஸ்ரெதஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்கலாம். புதிதாகப் பழகுகிற பெடியள் "லப்" என்பதை ஒன்று, "டப்" என்பதை இரண்டு என்று எண்ணி, மாட்டுக்கு நாடி 160 என்று வந்து நிற்பார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் ஒன்று. 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால் போதும். மூச்சுக்கு மாட்டைத் தொடவே வேண்டாம். ஒரு பாகம் தள்ளி நின்று, விலா முடிகிற இடத்துக்குப் பின்னால் உள்ள பள்ளம் ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணலாம்.

சூடு அளக்கிறதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாமசியில் விற்கிற டிஜிற்றல் வெப்பமானியே காணும். முனையில் கொஞ்சம் வஸ்லின் பூசி, ஆசனவாய்க்குள் விட்டு, சற்றுச் சரித்துக் குடல் சுவரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். நேரே விட்டால் அது சாணத்துக்குள் குத்தி நிற்கும், சாணத்தின் சூட்டைக் காட்டும், மாட்டின் சூட்டை அல்ல. லாயத்தில் வெப்பமானியின் மறு அந்தத்தில் ஒரு நூலும் உடுப்புக் கிளிப்பும் கட்டி, கிளிப்பை வால் மயிரில் மாட்டிவிடுவோம். மாடு சாணம் போட்டாலும் வெப்பமானி நிலத்தில் விழுந்து மிதிபடாது.

மாட்டிடம் மட்டும் உள்ள ஓர் அடையாளமும் உண்டு. குதிரைக்கு இது கிடையாது. நமது அப்புமாருக்கு நன்றாகத் தெரியும்: ஓடி வந்த மாடு அசைபோடத் தொடங்கிவிட்டதென்றால் உடம்பும் மனமும் ஆறிவிட்டது. பயத்திலும் நோவிலும் சூட்டிலும் உள்ள மாடு அசைபோடாது. எழுதுகிற கொப்பியில் நாடி, மூச்சு, சூடு என்ற மூன்று நிரலுக்குப் பக்கத்தில் "அசை" என்று நாலாவது நிரலும் போட வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி எல்லைக் கோடு. எத்தனைக்கு மேல் போனால் நிறுத்துவது? அந்த எண்ணை நானோ நீங்களோ நினைத்தபடி எழுதக்கூடாது. சவாரி மாடு எங்கடை மாடு, அதன் எண்கள் எங்கடை திடலில்தான் கிடைக்கும். ஆகவே முதல் ஒரு பருவத்துக்கு எல்லாச் சோடியையும் காலையில் பதியும்போதே ஒருமுறை அளப்போம். அதுதான் அந்த மாட்டின் சொந்தக் கணக்கு. பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்னால் பத்தாவது நிமிடத்திலும் இருபதாவது நிமிடத்திலும் அளந்து எழுதுவோம். அந்தக் கொப்பிகளை மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்து மிருக வைத்தியர்களிடமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்து ஆட்களிடமும் கொடுத்து, எல்லையை அவர்களையே குறிக்கச் சொல்வோம். குதிரைக்காரரின் எண்ணும் இப்படித்தான் பல வருடம் எழுதி எழுதி வந்தது.

அதுவரைக்கும் வாக்குவாதத்துக்கு இடமில்லாத மூன்று காரணத்துக்கு மட்டும் நிறுத்துவோம். இருபது நிமிடம் கழித்தும் வாய் திறந்து நாக்குத் தொங்க மூச்சு வாங்குகிற மாடு. இரண்டாவது தரம் அளந்தபோது முதல் தரத்தைவிடச் சூடு ஏறியிருக்கிற மாடு. காலை ஊன்ற நோகிற மாடு. இவற்றில் ஒன்றை ஓட்டுவேன் என்று சபையில் எழுந்து சொல்லக்கூடிய சவாரிக்காரர் இருக்கிறாரா?

தண்ணீர் ஊற்றுகிற விசயத்தில் ஊரில் ஒரு நம்பிக்கை வேரோடி இருக்கிறது. சூட்டோடு சூடாகத் தண்ணீர் ஊற்றினால் மாட்டின் தசை பிடிக்கும், சன்னி வரும் என்று. குதிரைக்காரரிடமும் இதே நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக் வந்தது. அந்த ஊரின் கோடை நம்முடையதைப் போல வெக்கையும் ஈரமும் கலந்தது. குதிரைகள் விழுந்துவிடும் என்று பயந்து, முன்கூட்டியே ஆய்வு செய்தார்கள். ஓடிய குதிரையின் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, நடத்தி, மறுபடி ஊற்றினால் சூடு கெதியாக இறங்குகிறது, தசைக்கு ஒரு கேடும் வரவில்லை என்று கண்டார்கள். அதற்குப் பிறகு பெரிய போட்டிகளில் நீர்த்தூவல் விசிறிகளும் வாளிகளும் வழக்கமாகிவிட்டன. மாடும் வெளியிலிருந்து ஊற்றுகிற தண்ணீரால் ஆறும். கழுத்து, விலா, தொடைக்கு உட்புறம் எல்லாம் நனைய ஊற்றி, காற்றுப் படுகிற நிழலில் நடத்த வேண்டும். ஒரு பவுசர் தண்ணீர் திடலுக்கு வராமல் சவாரி தொடங்கக்கூடாது என்று நீங்கள் ஒரு விதி எழுதினால், இந்த மடலில் பாதி நிறைவேறின மாதிரி.

செலவைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஒரு வெற்றிக் கிண்ணத்தின் விலைக்குள் இரண்டு ஸ்ரெதஸ்கோப்பும் நாலு வெப்பமானியும் ஒரு கட்டுக் கொப்பியும் வாங்கலாம்.

கனடாவிலும் சுவிஸிலும் இருந்து பரிசுப் பணம் அனுப்புகிற உறவுகளிடம் இன்னொன்றும் கேட்கலாம். லாயங்களில் குதிரையின் நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி கட்டுவார்கள். அதில் இரண்டு மின்வாய்கள் இருக்கும், மயிரைத் தண்ணீரால் நன்றாக நனைத்துக் கட்டினால் ஓடுகிறபோதே நாடியை ஓட்டுபவனின் கைக்கடிகாரத்தில் காட்டும். போட்டிக்கு இது தேவையில்லை. பழக்குகிற நாட்களுக்குத்தான் இது பெரிய உதவி. ஒரே வண்டி, ஒரே தூரம், ஒரே ஓட்டி, நின்று இரண்டு நிமிடத்தில் நாடி எத்தனை என்று கிழமைக்குக் கிழமை எழுதி வந்தால், எண் இறங்க இறங்க மாடு தேறுகிறது என்று அர்த்தம். வழக்கமாக இறங்குகிற எண் ஒருநாள் இறங்காமல் நின்றால், வெளியே தெரியாத காய்ச்சலோ கால்நோவோ தொடங்கிவிட்டது. நமது லாயத்தில் இரண்டு தரம் இப்படித்தான் குதிரை இருமத் தொடங்க முன்னரே வைத்தியரைக் கூப்பிட்டோம். பட்டி இல்லாதவர் விரலால் வால் நாடி பார்த்தாலும் இதே பயன் கிடைக்கும், ஓடுகிறபோது மட்டும் பார்க்க முடியாது. விடியற்காலையில் தீன் வைக்க முன்னர் நாடியைப் பார்த்து மாட்டுக் கொட்டிலின் சுவரில் கரியால் எழுதி வைத்தாலே போதும்.

"கண்ணாலை பார்த்தே சொல்லிப்போடுவம்" என்பவர்களுக்கு: நம்புகிறேன். கண்ணையும் காதையும் விலாவையும் பார்த்து மாட்டின் நிலை சொல்லக்கூடிய ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள், லாயத்து வைத்தியர்கள் சிலரைவிட அவர்கள் கெட்டிக்காரர். ஆனால் இறுதி ஓட்டத்துக்கு வந்த சோடியின் சொந்தக்காரருக்கு அந்த நேரம் எந்தக் கண் வேலை செய்யும்? பக்கத்தில் நிற்கிற மச்சான் "ஏலாது அண்ணை, மாடு களைச்சுப் போச்சு" என்றால் ஊர் அவனைச் சும்மா விடுமா? கொப்பியில் எழுதிய எண்ணுக்கு இந்தச் சங்கடம் இல்லை. எதிராளியின் சோடிக்கும் அதே எண், அதே நேரம்.

ஊசி, சாராயம் என்று திடலில் உலாவுகிற கதைகளைப் பற்றியும் துவரங்கம்பின் நுனியில் இருக்கிற ஆணியைப் பற்றியும் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டியவைதான், ஆனால் அதற்கு வேறு மடல் வேண்டும். ஒன்று மட்டும்: நோவிலும் பயத்திலும் மருந்திலும் நாடி ஏறும், ஏறினது கெதியில் இறங்காது. வாசலில் ஆள் நின்று எண்ணத் தொடங்கினால் இவற்றில் சிலது தானாகவே குறையும்.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் நினைவுபடுத்துகிறேன். 2014 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் ஒரே தீர்ப்பில் தடை செய்தது. 2017 தையில் தமிழ்நாடே வீதிக்கு வந்து, சட்டம் திருத்தி, பிறகும் வழக்கு இழுபட்டு 2023இல்தான் முடிந்தது. இப்போது அங்கே வாடிவாசலுக்கு முன்னால் மிருக வைத்தியர் பார்க்காத காளை உள்ளே போக முடியாது. நமது நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, பழையது, பல்லில்லாதது. புதிய சட்டம் வேண்டும் என்ற பேச்சும் ஓயவில்லை. அது வருகிற நாளில், "எங்களிடம் இத்தனை பருவத்துக் கணக்கு இருக்கிறது, இத்தனை மாட்டை நாங்களே நிறுத்தியிருக்கிறோம்" என்று கொப்பியைத் தூக்கி வைக்கக்கூடிய சங்கத்தின் பேச்சு எடுபடும். வெறுங்கையோடு போய்ப் பண்பாடு என்று சொன்னால் எடுபடாது.

அடுத்த சவாரியை நடத்தப் போகிற சங்கம் எதுவாக இருந்தாலும், ஒரு நாளைக்கு என்னைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சம்பளம் வேண்டாம், மத்தியானச் சோறு தந்தால் காணும். ஸ்ரெதஸ்கோப்பும் வெப்பமானியும் நான் கொண்டு வருகிறேன். உங்கள் பக்கத்திலிருந்து வேண்டியது: அவிழ்க்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு நிழல், புளியோ வேம்போ இல்லாவிட்டால் ஒரு படங்கு. அது ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும், சத்தத்துக்குள் நாடி எண்ண முடியாது, மாடும் ஆறாது. எண்ணத் தெரிந்த இரண்டு பெடியள் அல்லது பெட்டையள், பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிக்கிறவர்கள் என்றால் இன்னும் நல்லம். பக்கத்துப் பிரிவின் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம். எல்லோரும் பார்க்க எண்ணை எழுதுகிற ஒரு கரும்பலகை.

பதிவுக்கு வரும் மாடுகளைக் காலை ஏழு மணிக்கு முன்னரே அளக்கத் தொடங்க வேண்டியிருக்கும், ஏனென்றால் வெயில் ஏறிய பிறகு எடுத்த எண்ணை ஓய்வுக் கணக்காக எடுக்க முடியாது. அழைப்பிதழ் அச்சடிக்க முன்னர் இதைச் செயற்குழுவில் கதைத்து, அந்த நேரத்தையும் அதில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
குதிரை லாயத்தில் வேலை செய்து ஊர் திரும்பிய ஒருவன்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.